பத்தொன்பது பிளாஸ்திரிகள்

மூன்றாம் எண் எந்திரம் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. பெரியக்கா அதன் வட்டக் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னிக்கும் சடை பின்னி வச்சிருக்கான்" என்றாள். எந்திரத்தை அவள் 'அவன்' என்றுதான் சொல்வாள். இருபத்திரண்டு வருடமாக அவனோடு மல்லுக்கட்டியவளுக்கு அந்த உரிமை இருந்தது.

மருத்துவமனைகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வரும் படுக்கை விரிப்புகள் ஒரு தடவைக்கு அறுபது உள்ளே போகும். போகும்போது தனித்தனியாகத்தான் போகும். சுழன்று முடிந்து கதவு திறக்கும்போது ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு தொடைக் கனத்தில் ஒரே சடையாகக் கிடக்கும். தண்ணீர் குடித்துக் கல்லாய்க் கனக்கும். அதை இழுத்தெடுக்க மேலே ஒரு சங்கிலிக் கப்பி உண்டு. அதில் 'பழுது' என்று எழுதி நூலில் கட்டிய அட்டை பதினொரு மாதமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. எழுத்து ஆவியில் ஊறிப் பாதி அழிந்துவிட்டது.

அதனால் எல்லோரும் கையால்தான் இழுத்தார்கள். சடையின் நுனியை வலது முன்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, ஒரு காலை எந்திரத்தின் அடிப்பலகையில் ஊன்றி, உடம்பின் எடையையெல்லாம் பின்னால் சாய்க்க வேண்டும். சாய்வதற்கு முன் பெரியக்கா 'ஆண்டவனே' என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வாள். ஒரு நாளைக்கு நாற்பது தடவை கூப்பிட்டால் அவருக்கே காது அடைத்துப்போகும் என்று அவள் கணவர் கேலி செய்வது வழக்கம்.

அன்றும் கூப்பிட்டுவிட்டுத்தான் சாய்ந்தாள். கதவின் ரப்பர் விளிம்பிலிருந்து சோப்புத் தண்ணீர் ஒழுகி அடிப்பலகையில் படர்ந்திருந்தது. ஊன்றிய கால் வழுக்கியது. உடம்பு கீழே போனது. கை மட்டும் சடையோடு மேலேயே நின்றது. தோளுக்குள் ஈரத்துணி கிழிவது போல ஒரு சத்தம். அதைக் காதால் கேட்டாளா உடம்பால் கேட்டாளா என்று பின்னால் பலர் விசாரித்தபோது அவளால் சொல்ல முடியவில்லை.

மடிப்பு மேசையிலிருந்து முதலில் ஓடி வந்தவள் சுருட்டை. முப்பது வயதிருக்கும். எத்தனை ஊசி குத்தினாலும் வலைத்தொப்பிக்கு வெளியே முடி சுருண்டு நிற்கும் என்பதால் அந்தப் பெயர். அவள்தான் முன்கையைச் சுற்றியிருந்த சடையை அவிழ்த்தாள்.

"கைய அசைக்காதீங்கக்கா. அப்படியே இருங்க, நான் தாங்கிக்கிறேன்."

சலவைக்கூடத்தின் நுழைவாயில் சுவரில் ஒரு பலகை இருந்தது. மேலே 'விபத்தில்லாத நாட்கள்' என்ற எழுத்து, கீழே மூன்று ஆணிகளில் மூன்று எண் அட்டைகள். அன்று காலை எண் 388. நானூறைத் தொட்டால் நிரந்தரத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு ஃபிளாஸ்க் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. ஃபிளாஸ்குகள் வந்து சாமான் அறையில் அடுக்கியும் ஆகிவிட்டது. சாயங்காலம் சூப்பர்வைசர் முக்காலி போட்டு ஏறி, யார் முகத்தையும் பார்க்காமல், மூன்று பூஜ்யங்களை மாட்டினார். பன்னிரண்டு நாள் பொறுத்து விழுந்திருக்கக் கூடாதா பெரியக்கா என்று இஸ்திரி உருளைக்காரர் ஒருவர் சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். மருத்துவமனைக்கு வந்தபோது சுருட்டை இதை அவளிடம் சொன்னாள். பெரியக்காவும் சிரித்தாள். சிரித்தால் தோள் வலித்தது.

எலும்போடு சதையைப் பிடித்துவைக்கும் நார் அறுந்திருந்தது. தைத்துப் பார்த்தார்கள். ஐந்து மாதம் கழித்தும் வலது கை மார்பு உயரத்துக்கு மேல் எழும்பவில்லை. அவளுக்குத் தலை வாரிவிடுவது கணவரின் வேலையாயிற்று. அவர் குடிநீர் நிலையத்தில் பம்பு ஓட்டுகிறவர். எதைத் தொட்டாலும் வால்வை முறுக்குகிற மாதிரிதான் தொடுவார். இழுத்து முறுக்கி அவர் போட்ட கொண்டையோடு அவளுடைய புருவங்கள் இரண்டும் அரை விரற்கடை மேலேறி நிற்கும். எதைக் கண்டு இப்படி ஆச்சரியப்படுகிறீர்கள் என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டதை இருவரும் பல நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

பிறகு கடிதம் வந்தது. தொழிலாளியின் தோளில் காணப்படும் பாதிப்பு பணியிட விபத்தினால் உண்டானது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றும், அது முன்பிருந்தே இருந்த தேய்மானத்தின் தொடர்ச்சி என்றும், ஆகவே இழப்பீட்டுக் கோரிக்கை ஏற்கப்படவில்லை என்றும் காப்பீட்டுக் கம்பெனி எழுதியிருந்தது. கணவர் இரண்டு முறை வாசித்துக் காட்டினார். "தேய்மானமா? நீ என்ன செருப்பா?" என்று அவர் கேட்டார். அன்று இருவருமே சிரிக்கவில்லை.

தொழிலாளர்களுக்காக வாதாடும் வக்கீல் ஒருவர் இருந்தார். மூக்குக்கண்ணாடியின் ஒரு காலை நூலால் கட்டியிருந்தார். மேசையெல்லாம் கோப்புகள், வந்தவர்கள் உட்காருவதற்காக ஒரு நாற்காலியிலிருந்த கோப்புகளைத் தூக்கித் தரையில் வைத்தார். நிதானமாக எடுத்துச் சொன்னார். விழுந்தது பொய் என்று யாரும் சொல்லவில்லை. தோள் கெட்டிருப்பதையும் யாரும் மறுக்கவில்லை. அந்தக் கெடுதல் அந்த விழுதலால்தான் வந்தது என்பதை நிரூபிக்க வேண்டியது நம் பக்கம். படத்தில் தேய்மானம் தெரிகிறது. அது பெரிய விஷயம் இல்லை, ஐம்பது வயதில் யார் தோளைப் படம் பிடித்தாலும் கொஞ்சம் தெரியும். ஆனால் அவர்கள் கையில் வேறொன்று இருக்கிறது.

முதலுதவிப் பெட்டியோடு கயிற்றில் கட்டித் தொங்கும் நோட்டின் நகலை அவர் அவள் முன் வைத்தார். தேதி, பெயர், வலி உள்ள இடம், கையெழுத்து. மூன்று வருடத்தில் அவள் பெயரில் நாற்பத்து மூன்று வலிப் பிளாஸ்திரிகள். அதில் பத்தொன்பது இடங்களில் 'வலது தோள்'.

"இது உங்க கையெழுத்துதானேம்மா?"

பெரியக்கா ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தாள். "எழுதுனது நான்தான் சார். ஆனா இதுல ஒண்ணுகூட எனக்கு எடுத்தது இல்ல."

நடந்தது இதுதான். அந்தப் பெட்டி நிரந்தரத் தொழிலாளருக்கு மட்டும். ஒப்பந்தக்காரர் அனுப்பும் பெண்களுக்கு அதில் பாத்தியதை கிடையாது. தவிர அந்தப் பெண்களில் யாராவது எங்காவது வலிக்கிறது என்று வாய் திறந்தால், அடுத்த வாரம் ஒப்பந்தக்காரரின் வேன் அவள் தெருவில் நிற்காது. அப்படி மூன்று பேர் நின்றுபோனதைப் பெரியக்கா கண்ணால் பார்த்திருக்கிறாள். மணிக்கட்டு வீங்கிய ஒருத்தி சுவர் பக்கம் திரும்பி நின்று அழுததைப் பார்த்த அன்றைக்குத்தான், பெட்டியிடம் போய்த் தன் பெயரை எழுதி ஒரு பிளாஸ்திரி எடுத்து வந்தாள். அப்புறம் அது பழக்கமாகிவிட்டது. உடை மாற்றும் அறையில் ஒருத்தி முதுகில் இன்னொருத்தி ஒட்டிவிடுவார்கள். அந்தக் கற்பூர வாசனை சோப்பு வாசனையையும் மீறி வீசும். சூப்பர்வைசர் மூக்கை உறிஞ்சுவார், ஒன்றும் கேட்க மாட்டார்.

எந்த இடம் என்று எழுதும்போது மட்டும் பெரியக்காவுக்குக் கை தயங்கும். பெயரே பொய், இடத்தையும் பொய்யாக எழுதினால் ஆண்டவன் முகத்தில் எப்படி விழிப்பது. அதனால் கேட்டுக் கேட்டு எழுதினாள். உனக்கு எங்கேம்மா வலிக்குது? மணிக்கட்டு. உனக்கு? இடுப்பு. சுருட்டை எப்போதும் வலது தோள் என்பாள். மூன்று வருடமாக நாள் முழுக்கக் கையை உயர்த்தி உயர்த்தி விரிப்பு உதறுகிறவளுக்கு வேறெங்கே வலிக்கும்.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றி, நூல் கட்டிய காலைத் தடவிப் பார்த்தார். இதை யார் வந்து சொல்வார்கள் என்று கேட்டார். பெரியக்கா நோட்டின் நகலை மெல்ல அவர் பக்கம் தள்ளி வைத்தாள்.

வீட்டில் கணவர் சொன்னார். அவருக்கு எல்லாமே சுலபமான கணக்கு. "நீ அவளுக்காக எழுதுன. அவ உனக்காக ஒரு வார்த்த சொல்லட்டும். போய்க் கேளு."

"என்னன்னு கேக்குறது? எனக்கு வலி இருக்குன்னு ஊரறியச் சொல்லுடி, உன் பொழப்பு போனா போகட்டும்னா?"

"அப்ப உன் பொழப்பு?"

"திருப்பி வாங்குறதுக்காக நான் எழுதலீங்க."

அவர் எழுந்து போய், ஒழுகாத சமையலறைக் குழாயை இறுக்கி மூடினார். மறுநாள் காலை அவளுக்குத் தண்ணீர் பிடிக்க அதைத் திறக்க முடியவில்லை.

இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை அவள் போனாள். கேட்பதற்கா சும்மா பார்ப்பதற்கா என்று அவளுக்கே தெரியவில்லை. சுருட்டை மாடியில் ஓர் அறையில் பள்ளிக்குப் போகும் மகளோடு இருந்தாள். பெரியக்கா படியேறிப் போனபோது அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வலது கையால் துணியை இடுப்போடு பிடித்துக்கொண்டு, இடது கையால் சுருட்டி எறிந்து கொடியில் விழவைத்தாள். மூன்று தடவை எறிந்தால் ஒரு தடவை விழுந்தது. யாரோ வந்திருப்பதைக் கண்டதும் வலது கையை உயர்த்திச் சிரித்துக்கொண்டே கொடியைச் சரிசெய்தாள். உயர்த்திய கை நடுங்கியதைப் பெரியக்கா பார்த்தாள்.

நிரந்தரமாக்கப் போகிறவர்களின் பட்டியலில் அவள் பெயர் சேர்ந்திருந்தது. அடுத்த மாதம் உடல் தகுதிப் பரிசோதனை. அந்தக் காகிதத்தை மகளின் பாடப் புத்தகத்துக்குள் மடங்காமல் வைத்திருந்தாள். பெரியக்கா அதை வாங்கிப் பார்த்தாள். நல்லபடியாக நடக்கட்டும் என்றாள். மகளின் படிப்பைக் கேட்டாள். அறையின் ஒழுகலைக் கேட்டாள். எழுந்து கிளம்பியும் விட்டாள்.

"வக்கீல் சார் ஃபோன் பண்ணாருக்கா" என்றாள் சுருட்டை. "நீங்க வந்து கேப்பீங்கன்னு பாத்துட்டே இருந்தேன். ஊர்ல இருக்குற எல்லாத்தையும் கேக்குறீங்க, அத மட்டும் கேக்க மாட்டேங்குறீங்க."

"கேக்க என்னடி இருக்கு. நீ அந்தப் பக்கமே வராத. ஆண்டவன் பாத்துக்குவான்."

"ஆண்டவன் அந்த நோட்டுல கையெழுத்து போடலியேக்கா." சொல்லிவிட்டு அவளே கொஞ்சம் சிரித்தாள். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னாள். "அதுல இருக்குற தோளு என்னோடதுக்கா."

விசாரணை நடந்த அறையில் உயரமான ஜன்னல்கள் இருந்தன. வெயில் மேலேயே நின்றது. கீழே விளக்கு எரிந்தது. விசாரணை அதிகாரி வயதானவர். பெரியக்கா கையை மடியில் தாங்கிப் பிடித்திருப்பதைப் பார்த்து, கைப்பிடி உள்ள நாற்காலி ஒன்றைப் பக்கத்து அறையிலிருந்து கொண்டுவரச் சொன்னார். தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்டார். அந்த ஒரு வார்த்தையில் பெரியக்காவுக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

காப்பீட்டுக் கம்பெனிக்கு ஒரு டாக்டர் வந்திருந்தார். படத்தை விளக்கொளியில் பிடித்து, இது ஒரே நாளில் அறுந்த நார் இல்லை, நாள்பட இழையிழையாக நைந்தது என்றார். நைந்த கயிறு என்றைக்காவது ஒருநாள் அறும். குனிந்து செருப்பு மாட்டும்போதுகூட அறும். எதனால் நைந்திருக்கும் என்று நூல் கண்ணாடி வக்கீல் கேட்டார். வயது, பரம்பரை, வீட்டு வேலை, தூங்கும் விதம் என்று அவர் வரிசையாகச் சொன்னார். இருபத்திரண்டு வருடம் ஈரச் சடை இழுத்தால் நையாதா என்று வக்கீல் விடவில்லை. டாக்டர் நேர்மையான மனிதர். கொஞ்சம் யோசித்து, அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்.

பெரியக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

கம்பெனி வக்கீல் சின்ன வயதுப் பெண். அவள் எழுந்து, அப்படியென்றால் அது விபத்து அல்ல, வேலையால் வந்த நோய் என்றாள். அதற்குச் சட்டத்தில் வேறு பிரிவு, வேறு மனு. வலி தெரிந்த ஒரு வருடத்துக்குள் கொடுத்திருக்க வேண்டும். நோட்டின்படி வலி தெரிந்து மூன்று வருடம் ஆகிறது. இதைச் சொல்லும்போது அவள் குரல் உயரவே இல்லை. பெரியக்காவிடம் திரும்பியபோது இன்னும் தணிந்தது.

"அம்மா, விழுறதுக்கு முன்னாடி உங்களுக்குத் தோள்ல எப்பவாச்சும் வலி இருந்துதா?"

இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்று வக்கீல் இரண்டு முறை சொல்லி அனுப்பியிருந்தார். ஆனால் சத்தியம் செய்துவிட்டுத்தானே உட்கார்ந்திருக்கிறாள். பெரியக்கா அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். மகள் வயசுதான் இருக்கும்.

"சாயங்காலம் வலிக்கும்மா. எல்லாருக்கும் வலிக்கும். காலையில சரியாயிடும்."

"எத்தன வருஷமா?"

"வேலைக்குச் சேந்த நாள்லேர்ந்துதான்."

"ஆனா உங்களுக்குன்னு ஒரு பிளாஸ்திரிகூட எடுக்கலன்னு சொல்றீங்க."

"அத வலின்னு நான் நெனைக்கலம்மா. வேலைன்னு நெனச்சேன்."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அதிகாரி எழுதிக்கொண்டார். அந்தப் பெண் நோட்டைக் கையில் எடுத்தாள். மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கழுத்து, வலது தோள், மறுபடி மணிக்கட்டு என்று வாசிக்க வாசிக்கப் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். உங்கள் உடம்பில் வலிக்காத இடமே இல்லையா அம்மா என்று அவள் கேட்டது ஏளனமாகக் கேட்கவில்லை. ஆனாலும் பெரியக்காவின் காதுகள் சூடாயின.

அப்போது கதவுப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. சுருட்டை எழுந்து நின்றாள். வர மாட்டாள் என்று பெரியக்கா நம்பியிருந்தாள். வர வேண்டாம் என்று காலையில்கூட வேண்டிக்கொண்டிருந்தாள். முடியை எண்ணெய் போட்டுப் படிய வாரியிருந்ததில் யாரோ போல இருந்தாள்.

கேட்ட எல்லாவற்றுக்கும் ஒளிக்காமல் பதில் சொன்னாள். எந்தெந்த மாதத்தில் எத்தனை பிளாஸ்திரி, யார் ஒட்டிவிட்டது, மற்றவர்கள் இப்போது எங்கே. மணிக்கட்டுக்காரி ஊரைவிட்டே போய்விட்டாள். இடுப்புக்காரி எங்கேயென்று தெரியாது. மிச்சம் அவள் ஒருத்திதான். வலது தோள் பத்தொன்பதும் தன்னுடையது என்று சொன்னபோது, சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒப்பந்தக்காரரின் ஆள் தன் கைப்பேசியில் ஏதோ எழுதினான்.

கம்பெனி வக்கீல் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். அப்படியானால் இந்த அம்மா மூன்று வருடமாக நிர்வாகத்தின் பதிவேட்டில் நாற்பத்து மூன்று முறை பொய் எழுதியிருக்கிறார், அப்படித்தானே?

"பொய் இல்ல மேடம்" என்றாள் சுருட்டை. "வலி நெசம். பேரு மட்டும்தான் அவங்களது."

அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் மேலே ஜன்னலைப் பார்த்தார்.

உத்தரவு ஒரு மாதம் கழித்து வந்தது. மூன்று பக்கம். வக்கீல் அதைத் தன் மேசையருகே நின்றபடியே வாசித்துக் காட்டினார். பதிவேட்டை நம்பினால், மனுதாரருக்கு வலது தோளில் முன்பே நோய் இருந்திருக்கிறது. நம்பாவிட்டால், பதிவேட்டில் பொய்யாக எழுதியவரின் வாய்மொழியை எந்த அளவுக்கு ஏற்பது என்ற கேள்வி வருகிறது. எப்படிப் பார்த்தாலும் மாலைதோறும் வலி இருந்ததை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். விபத்துதான் காரணம் என்பது நிரூபிக்கப்படவில்லை. மனு தள்ளுபடி. மனுதாரரின் துன்பத்தை இம்மன்றம் உணர்கிறது என்பது கடைசி வரி. மேல்முறையீடு செய்யலாம் என்று சொல்லிவிட்டு, எவ்வளவு காலம் ஆகும் என்பதை அவர் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. நாற்காலியிலிருந்து தரையில் எடுத்து வைத்த கோப்புகளைத் திரும்ப அடுக்க இடது கையால் அவருக்கு உதவிவிட்டு வந்தாள்.

சுருட்டையின் தெருவில் வேன் கடைசியாக நின்று ஒரு மாதம் ஆகியிருந்தது. விசாரணைக்கு அடுத்த திங்கட்கிழமையே அது நிற்காமல் போய்விட்டது. பரிசோதனைக்கு அவளைக் கூப்பிடவே இல்லை.

பெரியக்காவையும் உடல் தகுதியின்மை என்று விடுவித்தார்கள். சீருடையையும் அலமாரிச் சாவியையும் ஒப்படைக்க அவள் போன காலை, நுழைவாயிலில் சூப்பர்வைசர் முக்காலி மேல் நின்றுகொண்டிருந்தார். மூன்று அட்டைகளை மாட்டிவிட்டு இறங்கினார். 664.

அவள் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவர் மென்று விழுங்கினார். மேலிடத்திலிருந்து சொல்லிவிட்டார்கள், அது பணியிட விபத்து இல்லை என்று தீர்ப்பாகிவிட்டதால் அந்த நாளையும் விபத்தில்லாத நாளாகவே சேர்க்க வேண்டுமாம். 388லிருந்து விட்ட இடத்தில் தொடர்ந்து எண்ணியிருக்கிறார்கள்.

உள்ளே மூன்றாம் எண் எந்திரத்துக்கு மேலே புதுக் கப்பி பளபளத்தது. புதிதாக வந்த ஒருத்தி பொத்தானை அழுத்த, சடை தானாக எழும்பித் தள்ளுவண்டியில் இறங்கியது. பெரியக்கா கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். நல்லது என்று மனதார நினைத்தாள். அந்தப் பெண்ணின் தோள் தப்பிக்கட்டும்.

சூப்பர்வைசர் முதலுதவிப் பெட்டியைத் திறந்து, போகிற வழிக்கு ஒரு பிளாஸ்திரி எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். இன்று சாயங்காலம் வரை அவள் பெயர் பட்டியலில் இருக்கிறதாம். கயிற்றில் நோட்டு தொங்கியது. புதிய நோட்டு.

"வேண்டாம் சார். அப்புறம் அதையும் எழுதணும்."

அவர் பெட்டியை மூடினார். சாமான் அறைக்குப் போய் ஓர் அட்டைப்பெட்டியோடு திரும்பி வந்து, அவள் இடது கையில் வைத்தார். எல்லா நிரந்தரத் தொழிலாளருக்கும் கொடுத்தாயிற்று, இது உங்களுடையது என்றார். உள்ளே ஒரு ஃபிளாஸ்க். நீல நிறம். அதன் வயிற்றில் வெள்ளை எழுத்தில் அச்சடித்திருந்தது: '400 நாட்கள். ஒரு விபத்தும் இல்லை.'

மறுநாள் விடிந்ததும் கணவர் அதில் தேநீர் ஊற்றி மூடிக் கொடுத்தார். சூடு ஆறாமல் கொண்டு போ என்று மட்டும் சொன்னார்.

கூலி ஆட்கள் வேன்களுக்காகக் காத்து நிற்கும் முச்சந்தியில் சுருட்டை நின்றிருந்தாள். இரண்டு வாரமாக அங்கேதான் நிற்கிறாள். பெரியக்காவைக் கண்டதும் வெயிலுக்குப் போர்த்திய துணியை நடைபாதை விளிம்பில் விரித்தாள். இருவரும் உட்கார்ந்தார்கள். எதற்குக்கா இவ்வளவு தூரம் என்றாள். பெரியக்கா ஃபிளாஸ்கை எடுத்துக் காட்டினாள். சுருட்டை எழுத்தை விரலால் தடவி வாசித்தாள். பிறகு, "உங்களுக்கும் குடுத்தாங்களா?" என்றாள்.

"லிஸ்ட்ல பேரு இருந்துச்சாம்."

மூடி அசையவில்லை. இடது கையால் பெரியக்கா திருகிப் பார்த்தாள். அடிப்பாகம் சேர்ந்தே சுற்றியது. சுருட்டை வாங்கி முழங்கால்களுக்கிடையில் வைத்துத் திருகினாள், வழுக்கியது.

"உங்க வீட்டுக்காரரு பூட்டுனதா?"

"வால்வுன்னு நெனச்சிருப்பாரு."

இரண்டு பேரும் குலுங்கிச் சிரித்தார்கள். சிரித்துவிட்டு இருவருமே வலது தோளை அமுக்கிக்கொண்டார்கள்.

ஒரு வேன் வந்து நின்றது. முன் இருக்கையிலிருந்து ஒருவன் தலையை நீட்டி, மூட்டை தூக்குகிற வேலை, ரெண்டு பேர் போதும் என்றான். நின்றிருந்தவர்கள் எல்லாம் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். சுருட்டை பாதி எழுந்தாள். அவன் பார்வை அவளுடைய வலது கையில் ஒரு நொடி நின்று, அடுத்தவளுக்குப் போயிற்று. இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு வேன் கிளம்பியது. அவள் திரும்ப உட்கார்ந்தாள்.

பெரியக்கா ஃபிளாஸ்கை இடது கையால் மார்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்தாள். 'ஆண்டவனே' என்று அவள் உதடு அசைந்தது. சுருட்டை தன் இடது கையை மூடியின் மேல் வைத்தாள். ஒருத்தி பிடிக்க, ஒருத்தி திருக, மூடி மயிரிழை மயிரிழையாக நகர்ந்தது.